தட்டிப் பார்க்கும் கூலி

குளத்தை ஒட்டிய காட்டில், ஒரு வாகை மரத்தில், செவத்தையா என்ற மரங்கொத்தியும் அவன் மனைவி பவளாயியும் வாழ்ந்தார்கள்.

பொந்து தோண்டுவது செவத்தையாவின் தொழில். தனக்கு மட்டுமல்ல, கேட்கிறவர்களுக்கெல்லாம் தோண்டிக் கொடுப்பான். கிளிக்கும் அணிலுக்கும் குடியிருக்கப் பொந்து வேண்டும். ஆனால் உறுதியான மரத்தைக் குடைய அவர்களால் ஆகாது. அதனால் இவனைக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் புழுவோ எறும்பு முட்டையோ கூலியாகக் கொடுப்பார்கள்.

தோண்டுவதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அவனிடம் இருந்தது. மரத்தை அலகால் டொக் டொக்கென்று தட்டுவான். தலையைச் சாய்த்துக் கேட்பான். உள்ளே காய்ந்திருக்கிறதா, ஈரமா, உளுத்துப்போய்விட்டதா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதெல்லாம் அந்த ஓசையிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். நல்ல இடம் கிடைத்ததும் பட்டையில் ஒரு சின்னக் குறி கொத்திவைப்பான். அது அவன் குலத்து வழக்கம்.

இப்படிப் போய்ப் பார்ப்பதற்கு மட்டும் அவன் கூலி வாங்குவதில்லை. யாரும் கொடுத்ததும் இல்லை.

அந்தக் கோடையில் ஒரு காற்று அடித்தது. செவத்தையாவின் பழைய பொந்து இருந்த கிளை முறிந்து குளத்தில் விழுந்தது. பவளாயி அடுத்த கிளையைக் காட்டினாள்.

"இன்னும் பத்து நாள்தான். அதுக்குள்ள நமக்குப் பொந்து வேணும். பதினொண்ணாவது நாள் முட்டை காத்திருக்காது!" என்றாள்.

"பத்து நாளா? எட்டே நாளில் முடித்துக் காட்டுகிறேன்!" என்றான் செவத்தையா.

முதல் நாள் நாலு விரற்கடை ஆழம் போயிற்று. இரண்டு சாண் ஆழம் வேண்டும். எதிர்க்கிளையில் இரண்டு மைனாக்கள் வந்து உட்கார்ந்தன. பிறர் தோண்டிய பொந்தில் குடியேறுவதுதான் மைனாக்களின் வழக்கம். இரண்டும் வேலையைக் கண் கொட்டாமல் பார்த்தன.

இரண்டாம் நாள் காலையில் பச்சைநாயகி என்ற கிளி பறந்து வந்தாள்.

"அண்ணே! செவத்தையாண்ணே! சும்மா ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க! எங்களுக்கும் ஒரு பொந்து வேணும்!"

"இப்போது கையில் வேலை இருக்கிறதே அம்மா" என்றான் செவத்தையா.

"அண்ணே, உங்களை விட்டா இந்தக் காட்டுல மரத்தைப் பத்திப் பேச யாருண்ணே இருக்கா?"

அந்த ஒரு சொல் போதும். செவத்தையாவின் சிவந்த கொண்டை தானாக எழுந்து நின்றது. பவளாயி அந்தக் கொண்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

பச்சைநாயகி ஒரு மரமல்ல, ஆறு மரம் காட்டினாள். ஆறையும் அவன் தட்டினான். கிழக்கே வாசல் வைக்கலாமா என்று கேட்டாள். விளக்கினான். வாசல் எவ்வளவு அகலம் இருந்தால் பாம்பு நுழையாது என்று கேட்டாள். அதையும் விளக்கினான். கடைசியில் ஆறாவது மரத்தில், ஒரு நல்ல இடத்தில், டக்கென்று குறி கொத்தினான்.

"இங்கேதான்! நாளைக்கே ஆரம்பிக்கலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணே. எங்க வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேக்கணும் பாருங்க!"

அவன் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

"என்ன சொன்னா?" என்றாள் பவளாயி.

"யோசித்துச் சொல்வாளாம்."

"நாமளும் யோசிக்கலாம். முட்டையை எங்க வைக்கிறதுன்னு!"

மூன்றாம் நாள் ஓர் அணில் வந்து அழைத்தது. நான்காம் நாள் அதன் மச்சான் வந்து அழைத்தான். இரண்டு பேரும் செவத்தையாவைப் புகழ்ந்தார்கள். இரண்டு பேரும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் புழு தேடிப் போன செவத்தையா, பச்சைநாயகியின் ஆறாவது மரத்தருகே அப்படியே நின்றுவிட்டான். அவன் வைத்த குறியில் ஒரு குக்குறுவான் பறவை அலகை வைத்துக் குடைந்துகொண்டிருந்தது. தூள் பறந்தது. பக்கத்தில் பச்சைநாயகி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே!" என்றாள் அவள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "நீங்க வெச்ச குறி பிரமாதம்! இந்தத் தம்பி பாதிக் கூலிக்கே தோண்டித் தர்றான்!"

குக்குறுவான் மட்டும் கொஞ்சம் நெளிந்தது. "தப்பா நெனைக்காதீங்கண்ணே. எனக்கு அலகு இருக்கு, காது இல்ல. எந்த மரத்துல உங்க குறி இருக்கோ அந்த மரமாப் பாத்துத் தோண்டிக்கிறேன். உங்க புண்ணியத்துல தொழில் நல்லா ஓடுது!"

செவத்தையாவால் அவர்களைத் திட்டவும் முடியவில்லை. ஏனென்றால் அவர்கள் எதையும் திருடவில்லை. அவனாகவே கொடுத்துவிட்டு வந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு கூத்து. மைனாக்கள் இரண்டும் அவன் பாதிப் பொந்துக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தன. கனத்த வயிற்றோடு பவளாயி ஒற்றையாகப் போராடிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லாத வீடுன்னு நெனைச்சோம்!" என்றது ஒரு மைனா.

"நான் ஒருத்தி இங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று பவளாயி அதன் தலையில் ஒரு கொத்து வைத்தாள்.

செவத்தையாவும் பாய்ந்தான். மைனாக்கள் ஓடின. பவளாயியின் வால் இறகு ஒன்று காற்றில் சுழன்று சுழன்று கீழே போயிற்று. அது போய் விழும்வரை செவத்தையா பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு தனியாக ஒரு கிளையில் போய் உட்கார்ந்தான். அவனுக்கு நடுவயது தாண்டிவிட்டது. இப்படி உட்கார்ந்து தன்னையே குடைவது அவனுக்குப் பழக்கம். மரத்தைக் குடைவதைவிட அதில் அவனுக்கு ஆழம் போகும்.

'நான் ஏன் போகிறேன்? தொழில் கிடைக்கும் என்றா? மூன்று பேரில் ஒருவரும் தொழில் தரவில்லையே! அப்படியானால் எதற்காக? உங்களை விட்டால் யார் இருக்கிறார் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மனைவி தனியாகக் கிடந்து மல்லுக்கட்டினாலும் பரவாயில்லையா? நான் தொழிலாளியா, இல்லை புகழ்ச்சிக்கு ஆடும் பொம்மையா?'

பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத பதில் கிடைத்தவர்கள் செய்வதையே அவனும் செய்தான். ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்தான்.

ஆறாம் நாள் காலையில் வாகை மரத்து உச்சியில் நின்று கத்தினான். "எல்லோரும் கேளுங்கள்! இனிமேல் செவத்தையாவிடம் வருகிறவர்கள் முதலில் இருபது எறும்பு முட்டை வைக்க வேண்டும்! அதற்குப் பிறகுதான் பேச்சு! அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கிடையாது!"

காடு முழுக்க ஒரே சிரிப்பு.

"வணக்கம் சொன்னா எத்தனை முட்டைண்ணே?" என்று கேட்டது அணில்.

"தும்மினா பாதி விலையா?" என்றான் அதன் மச்சான்.

செவத்தையா இறங்கித் தன் கிளைக்குத் திரும்பினான். தோண்டினான். அன்று பகல் முழுவதும் யாரும் வரவில்லை. பொந்து ஒரு சாண் ஆழம் போயிற்று. "பார்த்தாயா?" என்று பவளாயியிடம் பெருமைப்பட்டான்.

அன்று மாலை ஆவுடை என்ற கொண்டலாத்திப் பறவை வந்து தூரத்தில் நின்றாள். ஏதோ கேட்க வந்தவள்போல் அலகைத் திறந்தாள், மூடினாள். அவளிடம் எறும்பு முட்டை எதுவும் இல்லை. சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

"பாவம், என்னவோ கேட்க வந்தா" என்றாள் பவளாயி.

"விதி விதிதான்!" என்றான் செவத்தையா. ஆனால் அவள் போன திசையை இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

ஏழாம் நாள் ஓர் உடும்பு ஊர்ந்து வந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பெரிய இலையைக் கிளைமேல் வைத்தது. அதில் இருபதல்ல, நாற்பது எறும்பு முட்டை இருந்தது! வெள்ளை வெளேரென்று, மழமழவென்று!

செவத்தையாவின் கொண்டை மீண்டும் எழுந்தது. ஆறு முட்டையை ஒரே மூச்சில் விழுங்கினான்.

"இப்ப பேசலாமா?" என்றது உடும்பு.

"தாராளமாகப் பேசுங்கள் ஐயா! எங்கே வேண்டும் பொந்து?"

"இதே வாகை மரத்துல. உங்க வாசலுக்கு ஒரு சாண் கீழ."

செவத்தையாவுக்குத் தொண்டையில் ஒரு முட்டை அடைத்தது. "இங்கேயா? எதற்கு?"

"நல்ல காத்து வருது. பக்கத்துலயே முட்டையும் கிடைக்கும்னு கேள்வி" என்று நாக்கை நீட்டி உள்ளே இழுத்தது உடும்பு.

"இந்த வேலை எனக்கு வேண்டாம்!"

"வேண்டாமா? கூலியை வாங்கி முழுங்கியாச்சே! நீதானே சொன்னே, முட்டை வெச்சாத்தான் பேச்சுன்னு! வெச்சேன். பேசினேன். தோண்டு!"

பவளாயி பக்கவாட்டில் நகர்ந்து வந்து கணவன் காதில் கேட்டாள். "எத்தனை முழுங்கினீங்க?"

"ஆறு."

"போய் ஆறு கொண்டுவாங்க. இதை நான் பாத்துக்கறேன்!"

செவத்தையா முசுறு எறும்புக் கூட்டுக்குப் பறந்தான். பசி நேரத்தில் நிதானமாக எடுப்பது வேறு, அவசரத்தில் பிடுங்குவது வேறு. முசுறுகள் அவன் இமையைக் கடித்தன, காலைக் கடித்தன, கடிக்கக்கூடாத இடத்திலும் கடித்தன. ஆறு முட்டையோடு அவன் திரும்பியபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உடும்பு பாதி மரம் இறங்கியிருந்தது. அதன் மூக்கில் பவளாயியின் அலகு பட்ட காயம் ஒன்று, வாலில் மூன்று.

"இந்தா, உன் கூலி!" என்று இலையோடு நாற்பதையும் கீழே தள்ளினான் செவத்தையா.

"தொழில் பண்ணத் தெரியாத பயல்!" என்று முனகிக்கொண்டே உடும்பு புதருக்குள் போயிற்று.

அன்று செவத்தையா மறுபடி தன்னைக் குடைந்தான்.

'இவனிடம் முன்பே இரண்டு வார்த்தை பேசியிருந்தால் ஆள் யாரென்று தெரிந்திருக்கும். பேசவிடாமல் நானே தடுத்துவிட்டேன். பேச வந்த ஆவுடையைத் திருப்பி அனுப்பினேன். பேசாமல் வந்த உடும்பை வரவேற்றேன். சும்மா போனதும் தப்பு, சும்மா பேசாததும் தப்பு என்றால் எதுதான் சரி?'

"கண்ணுக்குத் தண்ணி விட்டுக்கிட்டு வேலையைப் பாருங்க" என்றாள் பவளாயி. "மூணே நாள்தான் இருக்கு!"

அவன் தோண்டினான். நூறு கொத்துக்கு ஒருமுறை அலகு சூடேறிவிடும். அப்போது சற்று நேரம் சும்மா இருந்து அலகை ஆறவிட வேண்டும். எல்லா மரங்கொத்திகளும் அப்படித்தான். எட்டாம் நாள் காலையில் அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு ஒன்று உறைத்தது.

'இந்த நேரத்தில் ஒருவர் வந்து பேசினால் எனக்கு என்ன குறைந்துவிடும்? ஒன்றுமில்லை. ஆனால் நான் இந்த மரத்தை விட்டுப் போய் இன்னொரு மரத்தைத் தட்டினால்? அங்கே என் காது வேலை செய்கிறது. இங்கே என் வீடு காவலில்லாமல் கிடக்கிறது. பேசுவது வேறு, தட்டுவது வேறு! இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது நான்தான்!'

மறுபடி மரத்து உச்சிக்குப் போனான். அணில் காதைத் தீட்டிக்கொண்டு ஓடி வந்தது. "இன்னிக்கு என்ன விலைண்ணே?"

"பேச்சுக்கு விலை இல்லை!" என்றான் செவத்தையா. "என் அலகு ஆறும் நேரத்தில் யாரும் வரலாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அலகு ஆறியதும் பேச்சு முடிந்தது. ஆனால் நான் உங்கள் மரத்துக்கு வந்து தட்ட வேண்டுமென்றால் அது வேலை! நான் திரும்பும்வரை உங்களில் ஒருவர் என் பொந்துக்குக் காவல் இருக்க வேண்டும். பிறகு தோண்டும் வேலையையும் எனக்கே கொடுத்தால், அந்தக் காவலுக்கு ஈடாக ஒரு விரற்கடை ஆழம் கூலியில்லாமல் தோண்டித் தருவேன். வேலை பேசி முடியாமல் எந்த மரத்திலும் குறி வைக்க மாட்டேன்!"

முதலில் வந்தவள் பச்சைநாயகி.

"அண்ணே! எங்க அக்காளுக்கும் ஒரு பொந்து வேணும். சும்மா ஒரு நடை..."

"பேசுங்கள் அம்மா. அலகு சூடாகத்தான் இருக்கிறது."

அவள் பேசினாள். அவனும் சிரித்த முகமாகப் பதில் சொன்னான். அலகு ஆறியது. "மரத்தைப் பார்க்க வரவேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்காரரை இங்கே காவலுக்கு வைத்துவிடுங்கள்" என்றான்.

"அவரையா? ஒரு நாள் முழுக்கவா? எங்க வேலையெல்லாம் யாரு பாக்குறது?"

"அதைத்தான் நானும் போன தடவை யோசித்திருக்க வேண்டும்" என்றான் செவத்தையா.

பச்சைநாயகி கோபமாகப் பறந்துவிட்டாள். போகும்போது, "பெரிய மனுஷர் ஆயிட்டாரு!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். செவத்தையாவுக்குச் சுருக்கென்றது. பின்னாலேயே போய் வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் சிறகுகூட விரிந்தது. பவளாயி அந்தச் சிறகைப் பார்த்தாள். அவன் மடக்கிக்கொண்டான். அடுத்த நூறு கொத்தை அன்று என்றுமில்லாத வேகத்தில் கொத்தினான்.

ஒன்பதாம் நாள் விடிகாலையில் ஆவுடை வந்தாள். கூடவே அவள் கணவன் சங்கிலியும் வந்தான். இருவரும் தூரத்திலேயே நின்றார்கள்.

"கிட்ட வாங்களேன்!" என்று கூப்பிட்டாள் பவளாயி.

"வந்தா வாடை அடிக்கும் அக்கா" என்றாள் ஆவுடை தலையைக் குனிந்துகொண்டு. "எங்க குலத்துக் கூடு அப்படி. அதனால யாரும் எங்களைப் பக்கத்துல சேர்க்க மாட்டாங்க."

"என்னம்மா கேட்க வேண்டும்?" என்றான் செவத்தையா.

"ஒண்ணுதான் அண்ணே. ஒரு வேப்ப மரத்துல பழைய பொந்து ஒண்ணு கிடைச்சிருக்கு. தோண்டவே வேணாம். ஆனா மழையில தண்ணி இறங்குமோன்னு பயமா இருக்கு. போன வருஷம் மூணு குஞ்சும் தண்ணியிலயே போயிடுச்சு."

செவத்தையாவுக்கு ஆறாம் நாள் மாலை நினைவுக்கு வந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு சொன்னான். "அது பேசித் தெரிகிற விஷயமில்லை அம்மா. வந்து தட்டினால்தான் தெரியும்."

"தெரியும் அண்ணே. விதியையும் கேட்டேன். அதான் இவரைக் கூட்டிட்டு வந்தேன். இவரு காவல் இருப்பாரு. ஆனா எங்க வாடை..."

"இருக்கட்டும்! நான் மூச்சை அடக்கிக்கறேன்!" என்றாள் பவளாயி.

பொந்து இரண்டு சாணுக்கு வந்துவிட்டது. உள்ளே கொஞ்சம் வழவழப்பாக்குவதுதான் பாக்கி. செவத்தையா சங்கிலியை வாசலில் உட்காரவைத்தான். "நான் வரும்வரை ஒருவரையும் உள்ளே விடாதே! யாராக இருந்தாலும் சரி!"

"சரிண்ணே!" என்று சங்கிலி கொண்டையை விசிறிபோல விரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வேப்ப மரத்தை ஏழு இடங்களில் தட்டினான் செவத்தையா. அவசரப்படவில்லை. இப்போது அவன் மனம் வீட்டில் இல்லை, ஓசையில் இருந்தது. மேலே ஒரு விரிசல் இருந்தது. மழை பெய்தால் நேராகப் பொந்துக்குள்தான் இறங்கும்.

"இது வேண்டாம் அம்மா" என்றான். "இந்தப் பொந்துக்கு எந்த வேலை செய்தாலும் வீண். இதே மரத்தில் வடக்குப் பக்கம் ஒரு பழைய பொந்து இருக்கிறதே, அது உள்ளே நன்றாகக் காய்ந்திருக்கிறது. வாசல் மட்டும்தான் சிறியது. அதைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும்."

"நீங்களே செஞ்சு கொடுங்கண்ணே!" என்றாள் ஆவுடை உடனே.

காவலுக்கு ஈடான ஒரு விரற்கடையே அந்த வாசலுக்குப் போதுமாக இருந்தது. உச்சி வெயிலுக்குள் முடித்துவிட்டான். ஆவுடை உள்ளே போய்ப் பார்த்தாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள்.

செவத்தையா வீட்டுக்குப் பறந்தான். வழியில் மைனாக்கள் இரண்டும் எதிர்ப்பட்டன. இரண்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"அந்தப் பொந்தை எவன் எடுப்பான்! த்தூ!" என்றது ஒன்று.

செவத்தையா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வாகை மரத்தில் வந்து இறங்கி, வாசலை நோக்கி நடந்தான்.

"நில்லுங்க!" என்று குறுக்கே வந்து நின்றான் சங்கிலி.

"நான்தானப்பா!"

"யாராக இருந்தாலும் விடாதேன்னு சொன்னீங்களே அண்ணே!"

"அட, அதைச் சொன்னதே நான்தானே!"

"நீங்க உங்களை மட்டும் விடலாம்னு சொல்லலையே! அதுவும் இப்ப உள்ள நிலைமைக்கு யாரையும் விடக்கூடாது!"

"உள்ளே என்ன நிலைமை?"

பொந்துக்குள்ளிருந்து பவளாயியின் குரல் வந்தது. மெதுவாக, களைப்பாக, சிரிப்பாக.

"சத்தம் போடாதீங்க. முட்டை ஒண்ணு வந்தாச்சு. அவரை இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நிறுத்து சங்கிலி! ஒரு நாள் முன்னாலயே வந்துடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா ஆடித் தீர்த்துடுவாரு!"

செவத்தையா தன் வீட்டு வாசலில், தானே வைத்த காவலுக்கு எதிரே, கொண்டையைத் தூக்கிக்கொண்டு, உள்ளே போக அனுமதி கேட்டு நின்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் அதற்கு முன் யார் வாசலிலும் நின்றதில்லை.

ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பேசும் பேச்சை மனமாரக் கொடுக்க வேண்டும். தொழிலறிவும் நேரமும் கைமாறும் இடத்தில் அதற்கான ஈட்டைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.